எமரால்டு கரையில் மண்பாதை தேடி: மூன்று பருவத்தில் மூன்று நாள்

ஏப்ரல் மாதம் சைக்கிள் ரூட் பார்க்கப் போனபோது நீலகிரியின் எமரால்டு அணையில் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. தேயிலைச் சரிவு முடியும் இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே அகலமாக ஒரு மண்வெளி திறந்து கிடந்தது. மேலே ரோட்டில் நின்று பார்த்தால் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, நெல் காயப்போடும் களம் மாதிரி தெரிந்தது. அதன் ஓரத்தில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மாடு நிற்கிற மண் சைக்கிளைத் தாங்காதா என்று நினைத்து இறங்கிவிட்டேன்.

முதல் முப்பது அடி அருமையாகப் போனது. வெடிப்புகளின் மேல் டயர் ஏறும்போது பழைய ஓட்டை மிதிப்பது போல நொறுநொறுவென்று சத்தம். அடுத்த பத்தடியில் அந்தச் சத்தம் நின்றுபோனது. அதைக் கவனித்திருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். முன்சக்கரம் அச்சு வரை இறங்கி, சைக்கிள் அப்படியே நின்றுவிட்டது. காலை ஊன்றினேன். முழங்கால் வரை போய்விட்டது. மேலே ஒரு விரல் கனத்துக்குத்தான் காய்ந்த ஓடு. அதற்குக் கீழே தோசை மாவுப் பதத்தில் சாம்பல் நிறக் களி, ஐஸ் மாதிரி சில்லென்று.

காலை உருவ உருவ இன்னொரு கால் இறங்கியது. கடைசியில் சைக்கிளைப் படுக்கப்போட்டு, அதன் மேல் நெஞ்சைச் சாய்த்து, எடையைப் பரப்பிக்கொண்டு ஒவ்வொரு காலாக எடுத்தேன். கூட வந்த நண்பர் தோட்டத்து ஓரத்தில் வெட்டிப் போட்டிருந்த சீகை (வாட்டில்) மர மிளாறுகளை இழுத்து வந்து எனக்கு முன்னால் பரப்பிக்கொண்டே வந்தார். நாற்பது அடி தூரத்தைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆனது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் கரையேறியதும் சொன்னார்: "புல்லு முடியிற எடத்துல மாடு நின்னுக்குது பாருங்க. அதுக்கு மேல ஒரு அடி வைக்காது. நான் ரெண்டு கன்னுக்குட்டிய இதுல இருந்து கயிறு போட்டு இழுத்திருக்கேன்."

திரும்பிப் பார்த்தேன். அத்தனை மாடுகளும் புல் விளிம்பில் கோடு போட்டது போல நின்றுகொண்டிருந்தன. மாடு நிற்கிற இடத்தைப் பார்த்தேனே தவிர, எங்கே போகாமல் நிற்கிறது என்று பார்க்கவில்லை. நாங்கள் இறங்கிய வழிக்குக் கொஞ்சம் தள்ளி, அணைப் பகுதிக்குள் இறங்கக் கூடாது என்ற மின்வாரியப் பலகை இருந்ததையும் அதன் பிறகுதான் பார்த்தேன். அது என் தப்பு. ரூட் பார்க்கப் போகிறவன் முதலில் பார்க்க வேண்டியது பலகையை.

குன்னூர் பக்கம் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் கோவையிலிருந்தும் இங்கிருந்தும் பத்துப் பன்னிரண்டு பேரை மலைச் சைக்கிளில் ஒருநாள் கூட்டிப்போவது வழக்கம். இந்த முறை என் தங்கை மகனும் வருகிறேன் என்றான். வயது 14. அவன் வருகிறேன் என்று சொன்ன அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், செயற்கைக்கோள் படத்தில் மட்டும் பார்த்த ஒரு பாதையில் எட்டுப் பேரை இறக்கிவிட்டேன். ஓடைமேல் இருந்த சிறு பாலம் மழையில் போயிருந்தது. வந்த இறக்கம் முழுவதையும் தள்ளிக்கொண்டே ஏற வேண்டியதாயிற்று. மழை பிடித்துக்கொண்டது, இருட்டிவிட்டது. ஒரு பெண்ணுக்கு உதடு நீலம் பாய்ந்து, பேச்சு குழற ஆரம்பித்தது. நனைந்த சட்டையைக் கழற்றவைத்து, எங்களிடம் இருந்த காய்ந்த துணியெல்லாம் சுற்றி, நடுவில் உட்காரவைத்துத்தான் அவரைத் தேற்றினோம். ரோட்டுக்கு வந்து சேர இரவு ஒன்பது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் நடந்து பார்க்காத பாதையில் இன்னொருவரைக் கூட்டிப்போக மாட்டேன் என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன்.

எமரால்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது இயற்கை ஏரி இல்லை. 1950களின் பிற்பகுதியில் கனடா நாட்டு உதவியோடு தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தின் அணை. அவலாஞ்சியும் எமரால்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அடுத்தடுத்து இருக்கின்றன. அப்பர் பவானியில் தொடங்கிப் பில்லூர் வரை படிப்படியாக இறங்கும் ஒரு வரிசையில் இவையும் படிகள். உயரம் கிட்டத்தட்ட 2,000 மீட்டர். இதையெல்லாம் சைக்கிள்காரன் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், இந்தத் தண்ணீர் மழைக்கு மட்டும் கட்டுப்பட்டது இல்லை. மின்சாரம் எடுக்க எடுக்க இறங்கும், மேலே இருந்து திறந்தால் ஏறும். நேற்று இருந்த கரை இன்று இருக்கும் என்று நம்ப முடியாது.

படம் என்னை ஏமாற்றியதும் இங்கேதான். செயற்கைக்கோள் படத்தில் கரையை ஒட்டி அழகாக ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. எங்கும் ஏற்றமில்லை, ஏரியைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று ஆசை காட்டுகிறது. அந்தப் படம் கோடையில் எடுத்தது. பழைய தேதிப் படங்களைப் புரட்டிப் பார்த்தபோது, மழைக்குப் பிந்தைய படங்களில் அந்தக் கோடே இல்லை. முழுக்கத் தண்ணீருக்குள். இப்போது எந்தப் பாதையைக் குறித்தாலும் குறைந்தது மூன்று வேறு மாதப் படங்களில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குறிக்கிறேன். இன்னொன்று, சோலைக்காட்டுக்குள் போகும் பாதை படத்தில் தெரியாது. மரக்கூரை மூடிவிடும். தேயிலைக்குள் போகும் பாதை நன்றாகத் தெரியும், ஆனால் அது வண்டிப்பாதையா, கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் ஒற்றையடியா என்று மேலிருந்து சொல்லவே முடியாது. நிழலைப் பார்த்துக் கொஞ்சம் யூகிக்கலாம், அவ்வளவுதான்.

அதனால் முதல் நாள் பாதிக்கு மேல் சைக்கிளைத் தோட்டத்து ஓரமாக வைத்துவிட்டு நடந்தோம். நடந்தால்தான் மனிதர்கள் பேசுவார்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு சைக்கிளில் விர்ரென்று போகிறவனிடம் யார் என்ன சொல்வது?

பேசும்போதும் கேட்கிற விதம் இருக்கிறது. ஒரு திருப்பத்தில் கொழுந்து மூட்டையை இறக்கி வைத்து உட்கார்ந்திருந்த ஒரு அக்காவிடம் கேட்டேன்.

"இந்த வழியில சைக்கிள் போலாங்களாக்கா?"

"போலாம் போலாம். தாராளமாப் போலாம்."

நம் ஊரில் வழி கேட்டால் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். வந்தவன் மனம் நோகக் கூடாது என்ற நல்ல எண்ணம் அது. ஆனால் அதை நம்பிப் பதினொரு பேரைக் கூட்டிவர முடியாது. வேறு மாதிரி கேட்டேன்.

"கொழுந்து ஏத்துற வண்டி எதுவரைக்கும்க்கா வரும்?"

"அதுவா... வெயில் காலத்துல மேல அந்தக் குழாய் மேடு வரைக்கும் வரும். மழைன்னா இங்கயே நிப்பாட்டிருவாங்க. நாங்கதான் மூட்டைய தலையில வச்சு எறக்கணும்."

"போன மழைக்கு எத்தன நாள் நிப்பாட்டுனாங்க?"

"ஒரு மாசம் இருக்கும். அங்க மண்ணு சரிஞ்சு, ஜேசிபி வந்து அள்ளிட்டுப் போச்சு. இன்னும் ஒரு மழை வந்தா மறுபடி வரும், அந்த எடம் அப்படித்தான்."

இரண்டே கேள்வியில் எனக்கு வேண்டிய எல்லாம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கும் "போகலாமா" என்று கேட்கவில்லை. எந்த வண்டி எதுவரை வருகிறது, எந்த மாதம் நிற்கிறது, கடைசியாக எப்போது வந்தது, இவ்வளவுதான் கேட்டேன். பால் வண்டி, கொழுந்து வண்டி, காய் ஏற்றும் பிக்கப், மின்வாரிய ஜீப். யாராவது விழுந்து கையை உடைத்துக்கொண்டால் சைக்கிளில் தூக்கிப்போக முடியாது. ஒரு ஜீப் வந்தாக வேண்டும். ரூட் பார்ப்பது என்று நான் இப்போது சொல்வது இதைத்தான். பாதையின் எந்த இடத்தில் நின்றாலும், அங்கிருந்து வெளியே வர மிகக் கிட்டத்தில் எந்த வண்டிப்பாதை இருக்கிறது, அதில் இந்த மாதம் வண்டி வருமா என்று தெரிந்திருக்க வேண்டும். ஏரியின் அழகெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த அக்காவின் அப்பா இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் போட்ட சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. அக்கா சின்ன வயதிலிருந்து இந்தச் சரிவுகளில்தான் நடந்திருக்கிறார். எந்த வளைவில் காலையில் கரடி நிற்கும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று வரிசையாகச் சொன்னார். ஓடைத் தண்ணீர் விஷயம் முக்கியம். மேலே காய்த்தோட்டம் இருந்தால் அந்த ஓடையில் வாய் வைக்காதீர்கள். கேரட்டுக்கும் உருளைக்கும் அடிக்கிற மருந்தெல்லாம் கரைந்து அதில்தான் இறங்குகிறது. தெளிவாக ஓடுகிறது என்பதால் நல்ல தண்ணீர் ஆகிவிடாது. கிளம்பும்போது அவர், "வர்றப்ப சொல்லிட்டுப் போங்க. போனவங்க வந்தாங்களான்னு எனக்கும் தெரியணும்ல" என்றார்.

இரண்டாவது முறை போனது ஆகஸ்டில். சைக்கிள் எடுத்துப் போகவில்லை. மழைக்காலத்தில் அங்கே எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். மண்பாதையின் உண்மையான முகம் மழையில்தான் தெரியும். குந்தா, அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் கொட்டு சாதாரணமானது இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. பல ஊர்களுக்கு ஒரு வருஷத்துக்கே அவ்வளவு பெய்யாது. அந்த வருஷம் சரிந்த இடங்கள் சில இன்னும் புல் மூடாமல் சிவப்பாகத் தெரிகின்றன. எச்சரிக்கை இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, தார் ரோட்டை விட்டு அதிகம் விலகாமல், தண்ணீர் எங்கெங்கே ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிறது என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு இன்னொன்றும் கண்டுகொண்டேன். இந்த மலைச் செம்மண் காய்ந்திருக்கும்போது டயருக்கு அவ்வளவு நல்ல பிடிப்பு. நனைந்தால் சோப்பு. இன்னும் கொஞ்சம் நனைந்தால் பசை. சக்கரத்தைச் சும்மா உருட்டினாலே மண் அப்பிக்கொண்டு, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சக்கரம் சுற்றவே சுற்றாது. கடைக்கு வரும் சைக்கிள்களில் இதைப் பார்த்திருக்கிறேன். பெடலை ஓங்கி மிதித்துச் செயினை அறுத்துக்கொண்டு வருவார்கள். அப்படி அடைத்தால் மிதிக்காதீர்கள். ஒரு குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, புல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். அதனால் கூட்டிப்போகும் நாளுக்கு முந்தின இரவு அரை மணி நேரத்துக்கு மேல் மழை பெய்தால் மண்பாதை கிடையாது, தார் ரோட்டிலேயே சுற்றிவிட்டு வருவது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

டிசம்பர் கடைசியில் மூன்றாவது முறை. இந்த முறைதான் முழுவதையும் ஓட்டிப் பார்த்தேன். அதிகாலை ஆறரைக்கு ஏரிக்கரையில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை. விரல் விறைத்து பிரேக் லிவரை மடக்கவே முடியவில்லை. முழுவிரல் கையுறை இல்லாமல் ஒருவரையும் இறக்கத்தில் விடக் கூடாது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். ஏறும்போது வேர்த்து, உள்சட்டை நனைந்து, அதே ஈரத்தோடு இறக்கத்தில் காற்று அடிக்கும்போதுதான் குளிர் எலும்புக்குள் இறங்குகிறது. மேட்டில் ஏறி முடித்த உடனே, படம் எடுப்பதற்கு முன்னால், காற்றுத்தடுப்புச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அன்று காலை எதிரே கேரட் ஏற்றிய பிக்கப்கள் வரிசையாக வந்தன. இங்கே நள்ளிரவுக்குப் பின்னால் விளக்கு வைத்துக்கொண்டு கேரட் பிடுங்குவார்கள். விடியும் முன் கழுவி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பியாக வேண்டும். தோட்டத்துச் சேறு அந்த வண்டிகளின் டயரோடு வந்து தார் ரோட்டு வளைவுகளில் ஒரு வழுக்கலாகப் படிந்திருக்கும். மழையே பெய்யாத நாளில் தார் ரோட்டில் விழுகிறவர்கள் இதில்தான் விழுகிறார்கள். தோட்ட வாசல் இருக்கும் ஒவ்வொரு வளைவையும் வேகம் குறைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மண்பாதையில் என்னைக் கவலைப்பட வைத்தவை இரண்டு. ஒன்று கறுப்புக் குழாய். காய்த்தோட்டங்களுக்கு ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுபோகும் ஹோஸ்கள் பாதையின் குறுக்கே கிடக்கும். நேராக ஏறினால் ஒன்றும் ஆகாது. சாய்வாக ஏறினால், அதுவும் பனி ஈரத்தில், முன்சக்கரம் குழாயோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். நான் ஒரு தடவை விழுந்தேன், முழங்கை சிராய்ப்போடு போயிற்று. மிதித்ததில் இணைப்பு கழன்று தண்ணீர் பீய்ச்சியடித்தது. நின்று அதை மாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். ஒரு விவசாயியின் குழாயைக் கழற்றிவிட்டு ஓடிப்போனால், அடுத்த தடவை அந்தப் பாதையில் நமக்கு மரியாதை இருக்காது, இருக்கவும் கூடாது.

மற்றது கம்பி. காட்டெருமையும் பன்றியும் நுழையாமல் இருக்க, சாயங்காலம் ஆனதும் சில இடங்களில் பாதையின் குறுக்கே மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். பகலில் அவிழ்த்துச் சுருட்டி மரத்தில் மாட்டியிருக்கும், அதனால் கண்ணில் படாது. ஐந்து மணிக்கு மேல் அதே கம்பி சைக்கிள்காரன் நெஞ்சு உயரத்தில். இருட்டும் நேரத்தில் இறக்கத்தில் வேகமாக வருகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. இதைச் சொன்னவர் படகர் சமூகத்து அண்ணன் ஒருவர். சொன்னதோடு நிற்காமல், எந்தெந்த மரத்தில் கம்பி சுருட்டி மாட்டியிருக்கிறது என்று கூடவே நடந்து வந்து காட்டினார். மொத்தம் நான்கு இடம். நாலரை மணிக்குள் அந்தப் பகுதியை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது அப்படித்தான் முடிவானது. மலையின் மறைவில் இருக்கும் பள்ளங்களில் ஐந்தரைக்கே வெளிச்சம் போய்விடும் என்பதும் இதோடு சேர்ந்துகொண்டது.

கற்பூர மரக் (யூகலிப்டஸ்) காடு வரும் இடத்தில் இன்னொரு தொல்லை. உரிந்து விழுந்த பட்டை நாடா நாடாவாகக் கிடக்கும். காய்ந்த இலையின் மேல் பிரேக் பிடித்தால் சறுக்கும், அது எல்லாருக்கும் தெரியும். பட்டை என்ன செய்யும் என்றால், பின்பக்கம் கியர் மாற்றும் டீரெய்லரின் சின்னப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். முதலில் டிக் டிக் என்று மெல்லிய சத்தம் வரும். அந்த நொடியே மிதிப்பதை நிறுத்தி, இறங்கி, பெடலைப் பின்பக்கம் சுற்றினால் பட்டை தானாக வெளியே வந்துவிடும். இன்னும் ஒரு மிதி மிதித்தால் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளையும். அதற்கும் மேல் மிதித்தால் டீரெய்லர் ஸ்போக் கம்பிக்குள் போய், சக்கரமே வீண். ஹேங்கர் சின்னத் துண்டுதான், ஆனால் ஒவ்வொரு சைக்கிளுக்கும் வேறு வேறு. ஊரில் எந்தக் கடையிலும் உடனே கிடைக்காது. அவரவர் சைக்கிளுக்குப் பொருந்துகிற ஒன்றை அவரவர் பையில் வைத்திருக்கச் சொல்லிவிட்டேன்.

காற்று விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2.25 அங்குல டியூப்லெஸ் டயரில், 70 கிலோ ஆளுக்கு, முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. எனக்குச் சரியாக இருந்தது. டியூப் போட்ட டயர் என்றால் 30க்குக் கீழே போகாதீர்கள். கல் பாவிய எஸ்டேட் ரோட்டில் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வராமல், விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்.

இனி, நான் விட்டுக்கொடுத்த பகுதி. மொத்தச் சுற்றிலும் அழகான இடம் சோலை ஓரமாக மேலே ஏறிப்போகும் ஒரு பழைய பாதை. அங்கிருந்து பார்த்தால் ஏரி ஒரு கை மாதிரி விரல் விரித்துக்கொண்டு தெரியும் என்றார்கள். அது காப்புக்காடு. வனத்துறைக் காவலரிடம் போய்க் கேட்டேன். முடியாது என்றார். "நடந்து போறதே அனுமதியோட, கைடோடதான். சைக்கிள் கெடையவே கெடையாது சார்." வாக்குவாதம் பண்ணவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்ததை நம்மால் மறக்க முடியாது. அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024இல் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, அவலாஞ்சியிலிருந்து போகிறவையும் அதில் உண்டு. அந்தக் காட்சி வேண்டும் என்றால் பணம் கட்டி, கைடோடு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சைக்கிள் ஓட்டுகிற என் கூட்டத்தாரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் போய், அதன் ஜி.பி.எஸ். தடத்தை எல்லாரும் பார்க்கப் போட்டுவிடுகிறார்கள். வழியே தெரியாத ஒருவன் அதை நம்பிக் கிளம்புவான். அந்தப் பக்கம் முக்குருத்தி தேசியப் பூங்கா. புலி இருக்கிற காடு. சத்தமில்லாமல் வளைவில் திரும்பும் சைக்கிள், கன்றோடு நிற்கும் காட்டெருமைக்கு முன்னால் பத்தடியில் போய் நின்றால் இரண்டு பேருக்கும் ஆபத்து. தேயிலைப் பாதையிலேயே கரடிக்கும் காட்டெருமைக்கும் பயந்து, பார்வை மறையும் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் மணி அடித்துக்கொண்டுதான் போகிறோம்.

சோலைப் பாதை போனதும் சுற்று ஒரு முழு வட்டமாக இல்லாமல், போன வழியிலேயே கொஞ்சம் திரும்பி வரும்படி ஆகிவிட்டது. 28 கிலோமீட்டர். மண்பாதை அதில் 17. தனியாக நான் மூன்று மணி நேரத்தில் முடித்தேன். கூட்டத்தோடு போனால் அதை இரண்டால் பெருக்க வேண்டும். பஞ்சர், பசி, படம் எடுப்பது எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம். காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரண்டரைக்கு முடியும், நாலரை மணிக் கெடுவுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் மீதி இருக்கும். தோட்டத்துப் பாதைகளுக்கு உரிமையாளர்கள் மூன்று பேரிடமும் நேரில் போய்க் கேட்டு, தேதி சொல்லிவிட்டு வந்தேன். ஒருவர் மட்டும் மருந்தடிக்கும் நாளாக இருந்தால் வேண்டாம் என்றார், முதல் நாள் போன் பண்ணச் சொன்னார். கோவையிலிருந்து வண்டியில் வருகிறவர்களுக்கு நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்கச் சொன்னேன், 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை, அதனால் ஆளுக்கு இரண்டு ஸ்டீல் பாட்டில்.

ஜனவரி மூன்றாவது ஞாயிறு. மழை இல்லை, பனி லேசாக இருந்தது. பதினொரு பேர். குந்தா நீரேற்று மின்திட்ட வேலைக்கு லாரிகள் போகிற தார் ரோட்டுப் பகுதியை ஒற்றை வரிசையில் கடந்து மண்பாதையில் இறங்கினோம். தங்கை மகனை எனக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக விட்டிருந்தேன். முதல் கறுப்புக் குழாய் வந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவன் இறங்கி, முன்சக்கரத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, பிறகு பின்சக்கரத்தைத் தூக்கி வைத்துவிட்டு ஏறினான். குழாய் அசையக்கூட இல்லை.

கொழுந்து மூட்டைத் திருப்பத்தில் அந்த அக்கா இருந்தார். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. எங்களைப் பார்க்கத்தான் வந்தாரா, தற்செயலா தெரியவில்லை. நின்று சொல்லிவிட்டுப் போனோம். பையன்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விரலை மடக்கி மடக்கி எண்ணினார்.

திரும்பி வரும்போது மணி இரண்டு. அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கையாட்டிவிட்டுக் கடக்கப் போனோம்.

"நில்லுங்க தம்பி. காலையில பதினொண்ணு போச்சு. இப்ப பத்துதான் வந்திருக்கு."

எண்ணினேன். பத்து. கடைசி ஆளாக வர வேண்டிய நண்பர், அன்று களியில் எனக்கு மிளாறு பரப்பியவர், கூட்டத்தில் இல்லை. விசில் ஊதினேன். கீழே இரண்டு வளைவுக்கு அப்பாலிருந்து பதில் விசில் வந்தது. பஞ்சர். எல்லாரும் சைக்கிளைச் சரிவில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தோம். இருபது நிமிஷம் கழித்து, கையெல்லாம் செம்மண்ணும் டயர் ஓட்டை அடைக்கும் சீலண்டுமாக அவர் ஏறி வந்தார். அக்கா எழுந்து, பதினொன்றாவது விரலுக்குக் கட்டை விரலை மறுபடி ஒருமுறை மடக்கிவிட்டு, சேலையைத் தட்டிக்கொண்டு தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுப் பக்கம் இறங்கிப் போனார்.